முந்திக்கொண்ட மொட்டை

ஆர்.கே.பேட்டை தமயந்திக்குப் பளு தூக்குவதில் குழப்பமே கிடையாது. கம்பி முன்னால் போய் நின்றால் ஊர் உலகமே மறந்துவிடும். குழப்பமெல்லாம் கம்பியைக் கீழே வைத்த பிறகுதான்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, திருத்தணியில் ஒரு தகரக் கொட்டகை ஜிம்மில் கஜபதி சாரிடம் பழகிக்கொண்டிருந்தாள். எந்த எடைப் பிரிவில் நிற்பது, முதலில் எத்தனை கிலோ கேட்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். இந்த வருஷம் திடீரென்று, டீயை ஆற்றிக்கொண்டே, "காலேஜ் சீட்டு உனுக்கு வேணுமா, எனுக்கு வேணுமா? நீயே போன் பண்ணு, நீயே பேசு" என்றார். அது கோபமா, நம்பிக்கையா என்று இன்றுவரை அவளுக்கு விளங்கவில்லை.

சென்னையில் ஒரு கல்லூரிக்கு அவளே போன் போட்டாள். தான் தூக்கும் வீடியோவையும் அனுப்பினாள். தேர்வுக்கு வரச் சொன்னார்கள். தேறினால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தவறினால் அப்பாவுக்குப் பக்கத்துத் தறி அவளுக்காகக் காத்திருந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டபோது, நாற்பத்தெட்டு கிலோ என்று சொல்லிவிட்டாள். அடுத்த பிரிவான ஐம்பத்து மூன்றில் வலுவான பெண்கள் வருவார்கள் என்ற பயம். அவள் உடம்போ இரண்டுக்கும் நடுவில் மதில்மேல் பூனையாக இருந்தது.

அம்மா அம்சா அன்றைக்கே வேண்டிக்கொண்டாள். சீட்டு கிடைத்தால் திருத்தணி மலையில் மகளுக்கு மொட்டை. வேண்டியதோடு விட்டாளா? தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தாள். இடுப்புவரை தொங்கிய முடிக்குச் சொந்தக்காரியை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல்நாள் முழுக்கப் பட்டினி கிடந்தும், தேர்வன்று விடிகாலையில் ஜிம் எடைமேடை இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலைப்படியில் ஓடினாள். வேர்க்கக்கூட உடம்பில் தண்ணீர் மிச்சமில்லை. மேலே, முடி இறக்கும் மண்டபத்தில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. தன் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்தாள். நூலைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் வீட்டில் பிறந்தவள் அல்லவா, கை கணக்குச் சொல்லிவிட்டது.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, மொட்டைய இப்பவே போட்டுக்கட்டா?"

"இன்னாடி பேசற? காரியம் ஆவறதுக்கு முன்னாடி குடுத்தா அதுக்குப் பேரு காணிக்கையா, லஞ்சமா?"

சாருக்குப் போட்டாள்.

"முடி எடுத்தா எடைக்குள்ள வந்துடுவேன் சார். எடுக்கட்டா?"

"தல உன்னுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர், "வேண்டுதலாம்மா?" என்றார்.

"ஆங்... இல்ல... தெர்லண்ணா. எடுங்க."

சென்னையில் எடை சரியாக வந்துவிட்டது. உடம்புதான் வரவில்லை. குறைத்துக் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று, எடுத்த எடுப்பிலேயே தன்னால் முடிந்த உச்ச எடையைக் கேட்டாள். மூன்று வாய்ப்பிலும் கம்பி தலைக்கு மேல் நிற்காமல் பின்னால் விழுந்தது. அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரைத் திட்டுவது என்று யோசித்துப் பார்த்தாள். சார் அங்கே இல்லை. முருகன் முன்கூட்டிக் கேட்கவும் இல்லை. அழுகை வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

திருத்தணியில் இறங்கியதும் பூக்காரம்மா ஒருத்தி வாயெல்லாம் பல்லாகக் கேட்டாள். "நேர்ந்துகினது நடந்துச்சா கண்ணு?" இந்த ஊரில் மொட்டைத் தலைக்கு வேறு அர்த்தம் ஏது? பஸ்ஸிலும் இரண்டு பேர் கேட்டார்கள். தலையாட்டினாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

தெருமுனையிலேயே அம்சா பார்த்துவிட்டாள். காலையில் லஞ்சம் என்றவள் ஓடிவந்து, மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முருகா! கெடச்சிடுச்சா!" என்று அழுதாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் இன்று ஒரு நாளாவது நிம்மதி. தமயந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"கெடைக்கலம்மா" என்றாள். "இது முருகனுக்குக் குடுத்தது இல்ல, தராசுக்குக் குடுத்தது. பிரிவு நான் சொன்னது. எடை நான் கேட்டது. தப்பு என்னுது."

அம்சாவின் கை தலையிலேயே இருந்தது. அப்படியானால் வேண்டுதல் தீர்ந்ததா, பாக்கியா என்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தமயந்தி கல்லூரிக்குப் போன் போட்டாள். "அடுத்த செலக்ஷன் எப்போ சார்? ஐம்பத்து மூணுல எம் பேர எழுதிக்குங்க."

பக்கத்தில் கரண்டியோடு நின்ற அம்சா, போனை வைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இந்த வாட்டி இன்னான்னு வேண்டிக்கட்டும்டி?"

தமயந்தி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டாள்.

"தெர்லம்மா. என்னைய ஒரு வார்த்த கேட்டல்ல, அது போதும்."