பொலித்தீன் போட்ட அக்காவின் படம்

இன்று தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில், மழைக்குத் தலையில் பொலித்தீன் போட்டு நின்ற ஒரு அக்காவைப் போனில் படமெடுத்தேன். வெளிச்சம் பட்டு அந்தப் பொலித்தீன் கண்ணாடி போல மின்னியது.

உடனே ஒரு பொலிஸ்காரர் போனை வாங்கிக்கொண்டார். அடையாள அட்டையையும் கேட்டு வாங்கினார். அதில் என் தமிழ்ப் பெயர் வேறு. எதற்குப் படம் என்று சிங்களத்தில் கேட்டார்.

அந்த அக்காவே சிங்களத்தில் பதில் சொன்னார்: "என் தம்பிதான் சேர். என்னயத்தான் எடுத்தான்."

பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், போனைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

"எங்க, காட்டுங்க பாப்போம்," என்றார் அக்கா தமிழில். வெகுநேரம் பார்த்தார். "நானாங்க இது?"

அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

படத்தைப் பிரின்ட் போட்டு அவருக்குக் கொடுக்க வேண்டும். என் அக்காவின் பெயர் யாருக்காவது தெரியுமா?