கொப்பளித்த தண்ணீர்

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. இனி தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உதடு வெடித்துக் கிடந்தவளிடம் தாதி கொஞ்சம் தண்ணீரை நீட்டினார்.

"வாயை மட்டும் கொப்பளிச்சுத் துப்புங்கம்மா. முழுங்கிறாதீங்க."

நான் ஏந்திய தட்டத்தில் அம்மா துப்பினாள். அந்தச் சத்தம் என்னைத் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனது.

பள்ளி விடுமுறையில் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மலைக்குத் தண்ணீர் கொண்டுபோவேன். கூடையை இறக்கிவைத்து, உப்பு தூக்கலான சம்பலோடு ரொட்டியைத் தின்றுவிட்டு, அம்மா ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துத் தேயிலைத் தூரில் துப்புவாள். மற்றப் பெண்களும் அப்படித்தான்.

"குடிம்மா" என்பேன்.

"குடிச்சா ஒதுங்கணும். எங்கடி ஒதுங்குறது?"

அந்த மலையில் ஒரு மறைப்புக் கிடையாது. புதருக்குள் போனால் அட்டை கடிக்கும். திரும்பி வந்தால் கங்காணி எல்லாருக்கும் கேட்க, "என்ன, காணாமப் போயிட்டே?" என்று இளிப்பான். உலகத்துக்கே தேத்தண்ணி கொடுத்த மலையில் கொழுந்து பறித்தவள் தாகத்தோடு நின்றாள்.

இன்று காலை இளம் டாக்டர் கேட்டார்: "உப்பைக் கூட்டி, தண்ணியைக் குறைச்சு உடம்பைக் கெடுத்திருக்கீங்க. தண்ணி குடிக்கவும் சோம்பலா அம்மா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாங்க ஐயா" என்றாள்.

இப்போது தாதி இன்னொரு வாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அம்மா கொப்பளித்தாள். தட்டத்தை நீட்டினேன். என்னையே பார்த்தபடி விழுங்கினாள்.