கழற்ற முடியாத வீடு

அருள்செல்விக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு தையல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மண்ணூர்பேட்டை வீட்டுக்காரர்களோ அவளையே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகாத ஐம்பது வயதுக்காரி என்று இரக்கப்பட்டு வீடு கொடுப்பார்கள். மகனுக்குப் பெண் அமைந்ததும் அந்தப் போர்ஷன் அவர்களுக்கே தேவைப்பட்டுவிடும். பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதுபோல அவளும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது போன வீட்டிலெல்லாம் சட்டம். அதனால் படத்திலிருந்த திரு இருதய ஆண்டவர் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்தபடியே குடித்தனம் நடத்தினார்.

பருத்திப்பட்டில் ஃபிளாட் வாங்கிய தம்பி பாஸ்கல், “எங்க ஹால் இருக்குதேக்கா, வந்துடு” என்றான். ஹால் என்றால், மற்றவர்கள் டிவியை அணைக்கும்வரை படுக்க முடியாத இடம். எலி வளையானாலும் தனி வளை வேண்டுமே. வேப்பம்பட்டில் என்றோ வாங்கிப்போட்ட துண்டு மனை இருந்தது. செங்கல் வீடு அவள் சம்பளத்துக்கு எட்டாது, தகரப் பலகைகளைக் கோத்து நிறுத்தும் கேபின் வீடு எட்டும்.

பூந்தமல்லிச் சாலையோரத்தில் ஒரு மாதிரிக் கேபின் நின்றது. இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை அடைத்த சுவர். விற்பவன் பெயர் கோதண்டம், வாய் மூடாத ஆள்.

“பலகைங்க லாரில வந்துடும்க்கா. போல்ட்டு போட்டு முடுக்கினா ஊடு ரெடி. எத்தினி பேரு இருக்கப் போறீங்க?”

“நான் மட்டும்தான்.”

கோதண்டம் சுவரைத் தட்டிக் காட்டினான்.

“சொவுத்துல சாமி படம் மாட்டலாமா?” என்று கேட்டாள்.

“ஆணி நிக்காது, ஸ்க்ரூ போட்டுத் தரேன். உன் ஊடு, எங்க வேணா மாட்டிக்கோ.”

உன் ஊடு என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கண் கலங்கியதை மறைக்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் இல்லை, படிக்கட்டில் யாருடைய செருப்புச் சத்தமும் இல்லை. வாடகை வீடுகளில் அந்தச் சத்தங்களை அவள் திட்டாத நாள் கிடையாது. அவைதான் தனக்குத் துணையாக இருந்தன என்பது இப்போதுதான் புரிந்தது. வேப்பம்பட்டு மனையைச் சுற்றி முள்செடிதான். நெஞ்செல்லாம் பயம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமென்றே வெளியே வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த கோதண்டம் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். “இன்னொரு வசதி கீதுக்கா. நாளிக்கே அந்த எடம் புடிக்கலன்னு வெய்யி, போல்ட்ட கயட்டி எங்க வேணா தூக்கினு பூடலாம்.”

வாங்க வருகிறவர்களெல்லாம் மயங்கும் இடம் அது. அருள்செல்விக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு போனது போதாதா?

“நிக்க வச்சப்புறம் போல்ட்டுங்க மேல வெல்டு அடிச்சிடு.”

“அப்பாலிக்கா கயட்டவே முடியாதேக்கா!”

“அதுக்குத்தான் சொல்றேன்” என்றாள். “என்னைத் தூக்கினு போற அன்னிக்கும் அது அங்கயே நிக்கணும்.”