குருபோங்குக்குப் போன எரு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் கஜா பெராங் பகுதியில் குப்பை கிடைக்காது. வீடு வீடாகக் கேட்டுப் போன எனக்கு அது தெரியும். கீரைத்தண்டு, வாழைப்பூ மடல், பூசணித் தோல் எல்லாம் சட்டிக்குள் போய்விட்டிருந்தன. பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மா மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார்: வயிற்றுக்குப் போக மிச்சம் சாம்பல்தான், வேண்டுமானால் அள்ளிக்கொள் என்று. அள்ளிக்கொண்டேன்.

தேவையானவற்றை மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்: சாணம், சாம்பல், மீன் குடல், பச்சைத்தழை, காய்ந்த சருகு. சாணம் மாட்டுக்காரரிடம் கிடைத்தது. மீன் குடலுக்குக் கடற்கரை வரை போக வேண்டும். கோயிலில் வாடிய மாலைகளைக் கொடுத்தார்கள்; அது என் வரிசையில் இல்லாதது. எல்லாவற்றையும் கொல்லையில் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகினேன். போருக்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கற்றவள் நான். அங்கே வெப்பமானி இருந்தது. இங்கே கம்பியை உருவி உள்ளங்கையில் பிடிப்பேன். சுட்டால், உள்ளே மட்குகிறது என்று பொருள்.

இவ்வளவும் குருபோங் கிராமத்தில் இருந்த ஓர் அக்காவுக்காக. மரவள்ளிக் கிழங்கு விற்க எங்கள் தெருவுக்கு வந்தவர். கிழங்குகள் விரல் பருமன்தான் இருந்தன. அவர் கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டுபோயிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள்.

“மண்ணு செத்துப்போச்சு தங்கச்சி. இந்தத் தடவையும் இப்படியே வந்தா, புள்ளைங்கள இழுத்துக்கிட்டுத் தம்பின் ஊர்ல இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அண்ணி சோத்துக்குப் பதிலா பேச்சத்தான் போடுவா.”

அவர் போகக் கூடாது என்று உடனே நினைத்தேன். என் அண்ணனும் அதே பாதை வேலைக்குப் போனவன்தான். வீட்டில் நான் மட்டும். அக்கம்பக்கத்தில் மலாய். கடைத்தெருவில் தமிழ் கேட்கும். ஆனால் அது விலை கேட்கும் தமிழ்.

எரு மட்கியதும் மூட்டை கட்டிச் சைக்கிளில் கொண்டுபோனேன். முச்சந்தியில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினேன். அவன் துப்பாக்கி முனையால் மூட்டையைக் குத்தினான், மூக்கைப் பொத்தினான், போ போ என்று கையை வீசினான்.

அக்காவிடம் சொன்னதும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “நல்லா நாறட்டும். அரிசியா இருந்தா விட்டிருப்பானா?” பிறகு என் நகங்களைப் பார்த்தார். “படிச்ச புள்ள குப்பையக் கிண்டுறியே, உங்கம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?”

“கையக் கழுவிட்டு வான்னு சொல்லுவாங்க.”

மரவள்ளி நட்ட பிறகும் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தேன். செடிக்குச் செடி எரு வைத்து, சருகு மூடி, பேசிப் பேசி மாலையாகிவிடும். திரும்பும் வழியில் அவர் பேசியவற்றை எனக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டே மிதிப்பேன்.

அறுவடையன்று முதல் செடியை இருவருமாகப் பிடுங்கினோம். முன்கை பருமனில் கிழங்குகள் வந்தன. அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் குடிசைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு குவியல். ஆட்டுப் புழுக்கை, மரவள்ளி இலை, சாம்பல். நடுவில் ஒரு கம்பி. அதை உருவி என் கையில் வைத்தார்.

“சுடுதா?”

“சுடுதுக்கா.”

“அப்ப நான் எங்கயும் போகல. நீயும் அந்தப் பாவிக்குக் குனிஞ்சு குனிஞ்சு இவ்வளவு தூரம் வரவேணாம் தங்கச்சி. நானே பாத்துக்குறேன்.”

என் சிரமத்தை நினைத்துச் சொன்னார். நான் செய்த வேலை சரியாக முடிந்ததற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. தலையாட்டினேன். எரு மூட்டை என்ற சாக்கு இல்லாமல் காவலைத் தாண்டிப் போனால் ஏன், எங்கே என்று கேட்கும் காலம் அது.

வீட்டுக்கு வந்து கொல்லைக் குவியலின் கம்பியை உருவிப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. கிளறிவிட்டால் மறுபடியும் சூடேறும். யாருக்கென்று தெரியாமலே மண்வெட்டியை எடுத்துக் கிளறினேன்.