டேப் எட்டவில்லை

இதை எழுதவே கை கூசுகிறது. நான் ஒரு நர்ஸ்.

ஒயிட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு நடந்த சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்குப் போயிருந்தேன். முதலில் இடுப்பளவு, பிறகு ரத்தம். அளவை நான் சத்தமாகச் சொல்ல, எதிர் மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்வார்.

மாடிப்படி பெருக்கும் செல்வி அக்கா மிகவும் பருமன். டேப் அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை.

“இன்னொரு டேப் குடுங்க, இவங்களுக்குப் பத்தல!” என்று கத்தினேன். ஹாலே சிரித்தது. நானும்தான்.

அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். “கெலசா இருக்கு மேடம், மாடிப்படி இன்னும் பெருக்கல, அப்புறம் வரேன்” என்று போனவர் ரத்தம் கொடுக்க வரவேயில்லை. அத்தனை பெரிய வயிறு இருந்ததால், முதலில் சர்க்கரை பார்த்திருக்க வேண்டியதே அவருக்குத்தான்.

எட்டு மாதம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கவனிக்காத சர்க்கரையால் காலில் வந்த புண் ஆறாமல், வலது பாதத்தை எடுத்திருந்தார்கள்.

“அன்னிக்கு நான்தான்க்கா...” என்று அழுதேன்.

“விடுங்க மேடம்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். “டேப்பு சின்னது. நீங்க என்ன பண்ணுவீங்க?”

இப்போதெல்லாம் அளவை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன். அன்றும் என் கோட்டுப் பையில் பேனா இருந்தது.