காருக்கு அடியில் ஒரு குடம் நல்ல தண்ணீர்

சாயங்காலம் ஐந்தரை ஆனால் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சத்தம் கேட்கும். காருக்கு அடியில், தகரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம்... கூடவே ஈரத் துருவின் வாசம்.

அப்பாதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, காரின் அடிப்பக்கத்துக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் அடிப்பார். பாதி அவர் மேலேயே கொட்டும்.

அதுவும் நல்ல தண்ணீர். தூத்துக்குடிக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். மில்லர்புரத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நாள் திருவிழா மாதிரி இருக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

"குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க கெடக்கோம். இவுக காரக் குளிப்பாட்டுதாக" என்று அம்மா முனகுவாள். முனகிக்கொண்டே குடத்தைக் கொண்டுவந்து வைப்பதும் அவள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் காலேஜ் சேர்ந்த வருஷம் அது. எனக்கு வேண்டியிருந்தது பைக். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்க முடியாது.

அதற்கு முந்தின வருஷம்தான் என் அண்ணன் சீனி இறந்துபோனான். அதே காலேஜுக்கு மொபெட்டில் போனவன். ஹார்பர் ரோட்டில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. அண்ணனால் நிறுத்த முடியவில்லை. பையன் வேகமாகப் போயிருக்கிறான் என்று ஊரே பேசியது. அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அண்ணன் மேல் கோபம்தான். இப்படியா போவான் என்று.

ஏரல் பக்கத்தில் அண்ணன் பேருக்கென்று வைத்திருந்த வயலை விற்றுத்தான் அப்பா கார் தேடினார். பழைய கார், சின்னதாக, நம்பி ஓட்டுகிற மாதிரி. தூத்துக்குடியில் மூன்று வண்டி பார்த்தோம். புரோக்கர் அண்ணாச்சி ஒரு கதவைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெயின்ட்டப் பாருங்க சார், மொகம் பாத்துத் தல சீவலாம்."

"அடியப் பாக்கணும், அண்ணாச்சி" என்ற அப்பா, வெள்ளை வேட்டியோடு ரோட்டில் படுத்துவிட்டார். ஒரு ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பொட்டென்று ஓட்டை விழுந்தது. மூன்று வண்டியும் அப்படித்தான். உப்புக்காற்று உள்ளே தின்றிருக்கும், மேலே பளபளவென்று இருக்கும்.

கடைசியில் ஆழ்வார்திருநகரியில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் கிடைத்தது. வெள்ளை நிறச் சின்னக் கார். தட்டிப் பார்த்த இடமெல்லாம் கணீரென்றது. அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இது போதும்" என்றார். எனக்கு அழுகையே வந்தது... சந்தோஷத்தில் இல்லை.

காலேஜில் என் பேரே 'டாக்டர்' ஆகிவிட்டது. எல்லோரும் பைக்கில் பறக்க, நான் மட்டும் பெரிய மனிதர் மாதிரி காரில். தினமும் காலையில் அப்பா ஜன்னல் பக்கம் குனிந்து, "ஏலே, பிரேக்க ஒருக்கா அமுக்கு" என்பார். அமுக்குவேன். "இன்னொருக்கா." அப்புறம்தான் வழி விடுவார். எரிச்சலாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காரைக் காலேஜிலேயே விட்டுவிட்டு, கூடப் படித்தவன் பைக்கில் தொற்றிக்கொண்டேன். சும்மா, கடற்கரை வரைக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றிருந்த பஸ்ஸை உரசிக்கொண்டு முன்னால் போனோம். நான் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்தேன். அப்பா வழக்கம்போலச் சாக்கை விரித்தார். காருக்கு அடியில் போனார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"கேட் மூடியிருந்துச்சு. நான் பஸ்ல ஜன்னலோரம் இருந்தேன்" என்றது குரல்.

கார் சாவி இன்னும் என் கையில் இருந்தது.

"சீனி வேகமாப் போகல, ஏலே. பிரேக் கேபிள்ல துருப்பிடிச்சு ரெண்டு இழ அத்துருந்துச்சு. மாத்தணும்ப்பான்னு ரெண்டு தடவ சொன்னான். ஞாயித்துக்கெழம பாத்துக்கிடலாம்னு நாந்தான் சொன்னேன்."

சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அவன் போனது வெள்ளிக்கெழம... வேகம்னு ஊரு சொல்லிச்சு. நானும் சும்மா இருந்துட்டேன்."

மறுபடி தகரத்தில் தண்ணீர் மோதியது.

உங்கள் தப்பில்லை அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அது இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. மறுநாளிலிருந்து குடத்தை நான் எடுத்துப் போனேன், அவ்வளவுதான்.

வேலை கிடைத்து வெளியூர் போனபோது காரை விற்றோம். வாங்க வந்தவர் அடியில் தட்டிப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடி வண்டி மாரியே இல்லயே சார்" என்று ஆச்சரியப்பட்டார். அப்பா சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது என்னிடம் பெரிய கார் இருக்கிறது. சர்வீஸுக்கு நாள் வந்தால் அதுவே போனுக்கு மெசேஜ் அனுப்புகிறது. அதன் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் மகள் ஸ்கூட்டரில் காலேஜ் போகிறாள். மனசே இல்லாமல்தான் வாங்கிக் கொடுத்தேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் காலேஜிலிருந்து வந்தவள், சாவியை மேஜையில் போட்டுவிட்டு, "அப்பா, பிரேக் கொஞ்சம் லூஸா இருக்குப்பா" என்றாள்.

நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் சாய்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்...

எழுந்து சட்டையைப் போட்டேன். ஓட்டிக்கொண்டு போனால் ஐந்து நிமிஷம்தான். நான் ஏறவில்லை. மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.