எல்லார் ஓடிபியும் முனீஸ்வரிக்கு

செருப்பை மேசைக்கடியில் தள்ளி, முந்தானை நுனியால் திரையை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, முனீஸ்வரி பேர்களைப் பார்க்கத் தொடங்குகிறார். திரையில் வரிசையாகப் பதினோரு பேர். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் அவரவர் முகம். முகம் ஒழுங்காக இல்லாத ஆளை அவர் சும்மா விடுவதில்லை. காளவாசல் கிளையில் இருக்கும் அழகுபாண்டிக்குப் போன் போகிறது. "மாப்ள, கருப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு என்ன போஸு? மெயில் பாக்குறவுக, குழாய்க்கடைக்காரன் அனுப்புனானா, கட்சிக்காரன் அனுப்புனானான்னு பயந்துர மாட்டாக?" அழகுபாண்டி படத்தை மாற்றும்வரை இந்தப் போன் தினமும் போகும். மாற்றிய பிறகு, "முடிய வெட்டிட்டு எடுத்திருக்கலாம்ல" என்று இன்னொரு போன் போகும்.

சிம்மக்கல்லில், இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் ஊரே நின்றுபோகிற ஒரு சந்தில் ஜெயபாண்டியின் குழாய், மோட்டார் மொத்தக் கடை இருக்கிறது. முனீஸ்வரி அங்கே பில் போடுகிறார். அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறார். பில் போடுவது சம்பளத்துக்கு. கடையில் இருக்கும் எல்லாருடைய மெயிலையும் கோப்புகளையும் இணையத்தில் ஒரே இடத்தில் வைத்திருக்கும் 'ஆன்லைன் ஆபீசு'க்கு அவர்தான் அட்மின். இது சந்தோஷத்துக்கு.

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் கணக்குத் திறப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ராகு காலத்தில் திறக்க மாட்டார். திறந்ததும் முதல் மெயில் முதலாளிக்கு 'வணக்கம்' என்று போக வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை உடனே அழிக்கவும் மாட்டார், நிறுத்தித்தான் வைப்பார். கேட்டால் ஊர் வழக்கத்தைக் காட்டுவார். "ஒரு ஆளுக்கு ஒரு ஐடி, மாசாமாசம் தலைக்கு இம்புட்டுன்னு கட்டுறோம். எங்கூர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுப்பாக பாருங்க, அதேதேன். பொழைக்கப் போனவன் பேரத் தலைக்கட்டுல இருந்து அடிச்சுருவாகளா? நாளைக்கு வந்து நின்னான்னா?" இந்த விளக்கத்தைக் கேட்ட முதலாளிக்கு அதுவரை விளங்காத மாதக் கட்டணம் சட்டென்று விளங்கிவிட்டது.

இவர் அட்மின் ஆனதற்குக் காரணம் ஒரு காளை. ஒரு காலத்தில் மொத்தக் கடைக்கும் ஒரே மெயில்தான், ஒரே பாஸ்வேர்டுதான். பாஸ்வேர்டு ஜெயபாண்டி வளர்க்கும் ஜல்லிக்கட்டு மாட்டின் பேர். அந்த மாடு வாடிவாசலில் யாரிடமும் பிடிபடாத மாடு என்பதால் அதன் பேர் மதுரையில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் விலை எதிர்க்கடைக்காரருக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்று ஜெயபாண்டி பல நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், மாடு பிடிபடாவிட்டாலும் அதன் பேர் பிடிபட்டுவிட்டது என்று புரிந்தது. ஆளுக்கொரு கணக்கு வாங்கினார். "இத யாராச்சும் ஒருத்தர் மேய்க்கணும். முனீசு, நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அவருக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. முனீஸ்வரிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அந்தக் கடையில் கல்லா கனகலட்சுமியுடையது. குடோன் பீர் முகமது அண்ணனுடையது. கிளை அழகுபாண்டியுடையது. முனீஸ்வரி போட்ட பில்கள் வாங்கியவர் சட்டைப்பையோடு போய்விடும். தனக்கென்று ஒன்றும் இல்லாமல் இத்தனை வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு முதன்முதலாக ஒன்று கிடைத்தது. அதை அவர் யாரிடமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் முதல் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி, கூப்பிட்டு, கையில் கொடுத்தார். வாங்கியவர்கள் அப்படியே அவரிடம் திருப்பி நீட்டினார்கள். "நீயே போட்டுவிட்ருத்தா. நமக்கு இந்த எழவெல்லாம் ஆகாது," என்றார் பீர் முகமது. ரகசிய எண் எந்தப் போனுக்கு வர வேண்டும் என்று கணினி கேட்டபோதும் எல்லாருக்கும் ஒரே பதில். "ஒன் நம்பரையே போடுக்கா." வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற ஊர் இது. முனீஸ்வரி பூரித்துப்போய்த் தன் நம்பரைப் போட்டார், ஒன்பது பேருக்கும், தனக்கும். அன்றிலிருந்து கடையில் யார் எங்கே நுழைந்தாலும் ஓடிபி முனீஸ்வரியின் போனுக்கு வரும். அவர் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி படித்துச் சொல்வார். பாதுகாப்பு அந்த அளவில் இருந்தது.

பதினோராவது ஆள் கனகலட்சுமி. கல்லாவும் பில் மேசையும் கை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனால் அப்போது இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. அதற்கு முந்தின தையில் கனகலட்சுமி திருப்பாலையில் வீடு கட்டிப் பால் காய்ச்சினார். பத்திரிகை வைக்க வந்த சமயம் முனீஸ்வரி தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். கனகலட்சுமி பத்திரிகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். "கையில குடுத்துக் கூப்புடத் தெரியாதவ வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்?" என்று முனீஸ்வரி போகவில்லை. "பக்கத்துல ஒக்காந்திருக்கவ, கூப்புட்டும் வரலையே" என்று கனகலட்சுமிக்கு ஆறவில்லை. அதற்கு முன்பு இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவர்கள். பேச வேண்டியதை அதன்பிறகு சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள், அல்லது மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்பினார்கள்.

எனவே கனகலட்சுமியின் பாஸ்வேர்டுச் சீட்டை முனீஸ்வரி கல்லாமேல் வைத்துவிட்டு வந்தார். பத்திரிகைக் கணக்குத் தீர்ந்தது என்ற திருப்தி அன்று முழுக்க முகத்தில் இருந்தது. கனகலட்சுமி சீட்டை எடுத்தார், தானே தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்தார், தன் நம்பரைத் தானே போட்டுக்கொண்டார். முனீஸ்வரியிடம் கேட்பதைவிட கம்ப்யூட்டரிடம் தோற்பது மேல் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வினை வந்தது. பாதுகாப்பைப் பற்றி ஒரு வீடியோ பார்த்த உற்சாகத்தில் முனீஸ்வரி, அத்தனை பேரையும் கணக்கைவிட்டு வெளியேற்றும் பொத்தானை அழுத்தினார். மறுநாள் காலையில் எல்லாரும் புதிதாக ஓடிபி வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். நான்தான் இருக்கிறேனே என்ற தைரியம். மறுநாள் காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். சிம்மக்கல்லில் சாப்பாட்டுப் பையோடு அடித்துப்பிடித்து இறங்கினார். மடியில் வைத்திருந்த போன் இறங்கவில்லை. பஸ் அதைத் தூக்கிக்கொண்டு பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டது. கடைக்கு ஓடி வந்து பீர் முகமதின் போனை வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது மணியில் யாரோ அணைத்துவிட்டார்கள்.

"யக்கா, ஓடிபி சொல்லு," என்று காளவாசலிலிருந்து அழகுபாண்டி கடை நம்பருக்கு அடித்தான். "ஏத்தா, ஓடிபி வந்துச்சா?" என்று குடோனிலிருந்து பீர் முகமது வந்தார். முதலாளியின் கணக்கும் பூட்டிக் கிடந்தது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்களே, அந்தக் கதை. ஒன்பது பேர் சாவியும் தன்னிடம் என்று பெருமைப்பட்டவரால் தன் கதவையே திறக்க முடியவில்லை.

அன்று பார்த்து சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் சிலர் சேர்ந்து சொட்டுநீர்க் குழாய்க்கு விலை கேட்டிருந்தார்கள். அந்த வருஷத்தின் பெரிய ஆர்டர். மதியம் ஒரு மணிக்குள் விலைப்பட்டியல் மெயிலில் போய்ச் சேர வேண்டும். பட்டியல் பூட்டுக்கு உள்ளே இருந்தது. ஜெயபாண்டி கத்தவில்லை. "என் மச்சினன் மகன் கம்ப்யூட்டர் படிச்சவன், சும்மாதேன் இருக்கான். இதெல்லாம் அவன்கிட்ட விட்ருக்கணும்," என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் பரவாயில்லை என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது. கிடைத்த ஒன்றும் சாயங்காலத்துக்குள் கைமாறிவிடும்.

அப்போது கல்லாப் பக்கத்திலிருந்து சுவரைப் பார்த்து ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெறந்திருக்கு."

எல்லாரும் திரும்பினார்கள். கனகலட்சுமியின் ஓடிபி கனகலட்சுமிக்கே வந்திருந்தது. கடையிலேயே உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான். பொதுக் கோப்புறையும் அவருக்குத் தெரிந்தது.

பீர் முகமது இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"பட்டியல், 'அனுப்ப வேண்டியது'ங்குறதுக்குள்ள இருக்குன்னு சொல்லுங்கண்ணே," என்றார் முனீஸ்வரி.

"அதுக்குள்ள மூணு இருக்கு, எதுன்னு கேளுங்கண்ணே."

"கடேசியா திருத்துனதுன்னு சொல்லுங்க."

"மூணும் நேத்துத் திருத்துனதாத்தேன் காட்டுதுன்னு சொல்லுங்கண்ணே."

"யா அல்லா! நான் என்ன செல்போன் டவரா? எனக்கு ஜும்மாவுக்கு நேரமாச்சு. ரெண்டு பேரும் பேசுறதுன்னா பேசுங்க, இல்ல கடையப் பூட்டிட்டுப் போங்க." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியே விட்டார்.

நடுவில் ஆள் இல்லை. சந்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் லாரிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். கனகலட்சுமி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனார். தோப்புக்காரர்கள் பேர் போட்டிருந்த மூன்றாவதில் நின்றார்.

"இதுல வால்வு சேர்க்கலையே," என்றார், கீபோர்டிடம்.

முனீஸ்வரி எட்டிப் பார்த்தார். சேர்க்கவில்லைதான். அப்படியே போயிருந்தால் வால்வு விலையெல்லாம் ஜெயபாண்டி தலையில் விழுந்திருக்கும்.

"சேத்துரு," என்றார்.

ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அதற்கப்புறம் எந்த அளவு வால்வு, எத்தனை என்று முனீஸ்வரி வரிசையாகச் சொல்ல, கனகலட்சுமி சேர்த்தார். ஒரு மணி அடிப்பதற்குள் பட்டியல் போய்விட்டது. இருவரில் யாரும் சிரிக்கவில்லை. மதியம் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

தோப்புக்காரர்கள் ஆர்டர் கொடுத்துவிட்டதாக நாலு மணி வாக்கில் போன் வந்தது. ஜெயபாண்டிக்குக் கோபம் போய்விட்டது, யோசனை போகவில்லை. "ஒரு ஆள நம்பி இருக்கக் கூடாது முனீசு. ரெண்டாவது அட்மின் ஒண்ணு வேணும். நம்ம பயலை வரச் சொல்லவா?"

முனீஸ்வரி நகத்தைப் பார்த்தார். மச்சினன் மகன் வந்தால் கொஞ்ச நாளில் தான் இரண்டாவது ஆகி, பிறகு ஒன்றுமில்லாமல் ஆகிவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும். வேறு வழி எது என்பதும் தெரியும்.

"வெளி ஆள் எதுக்குண்ணே," என்றார் ஒருவழியாக. "கனகம் இருக்குல்ல."

கல்லாவில் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி அடுக்கியது.

மறுநாள் டூப்ளிகேட் சிம் வந்தது. அதைக் கடையின் பழைய பட்டன் போனில் போட்டு, ஓடிபி வாங்கி, முனீஸ்வரி உள்ளே நுழைந்தார். முதல் வேலையாக ஒன்பது பேரையும் பிடித்து அவரவர் நம்பரை அவரவருக்கே போட்டார். "இனிமே ஒங்க சாவிய நீங்களே வச்சுக்கங்க. நான் ஒண்ணும் கோயில் உண்டியல் இல்ல," என்று சத்தம் போட்டுக்கொண்டே போட்டார். பீர் முகமது தன் நம்பரை மறந்துவிட்டு, குடோனுக்குப் போய்ச் சுவரில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

எல்லாம் முடிந்து கனகலட்சுமியின் பேரைச் சொடுக்கி, அட்மின் என்று மாற்றினார். "வந்து பாத்துக்க, எது எங்க இருக்குன்னு," என்றார், கல்லாப் பக்கம் திரும்பாமல். கனகலட்சுமி ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடைசியாக முனீஸ்வரியின் சொந்தக் கணக்கு மிச்சம் இருந்தது. உங்கள் போன் தொலைந்தால் வேறு யாருடைய நம்பருக்கு ரகசிய எண்ணை அனுப்பலாம் என்று கணினி கேட்டது. கட்டம் காலியாக இருந்தது. கனகலட்சுமி தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முனீஸ்வரி, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அந்தப் பத்து எண்ணையும் அடித்து முடித்திருந்தார்.